அழகான ஊர்கள் அழகாய் எரியும்

எங்கள் ஊர்த் திரைப்படக் கழகத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம் இது. நேரம் போதாமல் மேடையில் விழுங்கிய சிலவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, நமக்குப் புரொஜெக்டர் வாங்கித் தந்த மருத்துவர் அவர்களே, இந்த மண்டபத்தை ஒரு பைசா வாடகை இல்லாமல் கொடுத்திருக்கும் உரிமையாளர் அவர்களே, கழகத்தின் செயலாளர், பொருளாளர் அவர்களே, முன் வரிசையிலும் பின் வரிசையிலும் தூண் மறைவிலும் அமர்ந்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மண்டப உரிமையாளரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசாமல் நகர்ந்தால் நான் நன்றி மறந்தவனாவேன். இது ஆடி மாதம். முகூர்த்தம் கிடையாது. போய்க் கேட்டோம். "எப்படியும் பூட்டித்தானே கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். மின்சாரச் செலவையாவது கொடுத்துவிடுகிறோம் என்றோம். "பணம் வேண்டாம், படம் முடிந்ததும் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனால் போதும்" என்றார். சென்ற ஆண்டு நிறுத்தாமல் போனது யார் என்பது அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அந்த ரகசியத்தை இதுவரை காப்பாற்றி வரும் அவருக்கு என் தனிப்பட்ட நன்றி.

மருத்துவர் ஐயாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். நகர்மன்ற உறுப்பினர் அம்மையாருக்கு நன்றியை இப்போது சொல்லப்போவதில்லை. அவர்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதை நிறைவேற்றித் தந்த பிறகு நன்றியும் சேர்த்துச் சொல்கிறேன். இன்றைக்கு மேடையில் போர்த்திய பொன்னாடைகளை எண்ணினேன், ஒன்பது. எனக்குப் போர்த்தியதை மடித்து அப்படியே பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். அதை என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

மூன்று செய்திகள் பேச வந்திருக்கிறேன். ஒன்று, இன்றைக்கு நாம் பார்க்கப்போகும் செர்பியப் படம். இரண்டு, அந்தப் படத்தை உலகம் எப்படி வரவேற்றது, எப்படி விரட்டியது. மூன்று, சாவைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை யாருக்கு உண்டு. மூன்றுக்கும் சேர்த்து நாற்பது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஏழு நிமிடம் நன்றியிலேயே போய்விட்டது என்று தலைவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். பின் வரிசையில் சிரிக்கிறீர்கள். எந்த மேடையிலும் இந்தப் பழமொழியைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை என்று உங்களுக்குத் தெரியும். நூலகத்துக்கு நிலம் கேட்டு நடந்த கூட்டத்திலும் சொன்னேன், பேரன் காதணி விழாவிலும் சொன்னேன். ஆனால் இன்றைக்குப் போல அது என்றைக்கும் பொருந்தியதில்லை. ஊர் ஒன்றாக இருந்தால் திருவிழாவுக்கு ஒரு கூத்து. ஊர் இரண்டுபட்டால் மேலத்தெருவுக்கு ஒரு கூத்து, கீழத்தெருவுக்கு ஒரு கூத்து. கூத்தாடிக்கு இரண்டு கூலி, இரண்டு சாப்பாடு. இதுதான் அந்தப் பழமொழியின் கணக்கு. இதில் கூத்தாடியின் குற்றம் என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. ஊரை இரண்டாக்கியது அவன் இல்லை.

படத்துக்கு வருகிறேன். பெயர் 'அழகான ஊர்கள் அழகாய் எரியும்', 1996ஆம் ஆண்டு வெளிவந்தது. இயக்கியவர் ஸ்ர்ஜன் டிராகோயேவிச். செர்பியத் தலைநகர் பெல்கிரேடுக்காரர், உளவியல் படித்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர். யூகோஸ்லாவியா என்ற நாடு உடைந்தபோது, அதுவரை சேர்ந்து வாழ்ந்த செர்பியரும் முஸ்லிம்களும் குரோஷியரும் மோதிக்கொண்ட போஸ்னியப் போர் 1992 ஏப்ரலில் தொடங்கி 1995 டிசம்பரில் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தத்தோடு முடிந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் செத்த போர். ஒப்பந்தத்தின் மை காய்ந்ததும் படம் திரைக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம். படப்பிடிப்பு தொடங்கியதோ அதற்கும் முன்பு, போர் இன்னும் நடந்துகொண்டிருந்தபோது, சண்டை நடந்த அதே போஸ்னிய ஊரான விஷெகிராத் பகுதியில். பிணம் எடுத்த வீட்டில் அடுத்த நாளே கூத்து வைத்ததைப் போன்ற காரியம்.

கதைக்கு மூலம் ஒரு பத்திரிகைக் கட்டுரை. வான்யா பூலிச் என்ற பத்திரிகையாளர் 'டூகா' என்ற இதழில் எழுதியது. செர்பியப் படைவீரர்கள் சிலர் ஒரு சுரங்கப்பாதைக்குள் முற்றுகையில் மாட்டிக்கொண்ட உண்மை நிகழ்ச்சி. அதை எடுத்துக்கொண்டு, இரண்டு நண்பர்களை உள்ளே வைத்தார்கள். மிலான் செர்பியன், ஹலில் முஸ்லிம். ஒரே ஊர், ஒரே வயது, சேர்ந்து ஒரு கார்ப் பட்டறையும் நடத்துகிறார்கள்.

முதல் காட்சி ஒரு பழைய செய்திப்படம் போல வருகிறது. 1971 ஜூன் 27. ஊருக்குப் பக்கத்தில் புதிதாக வெட்டிய சுரங்கப்பாதைக்குத் திறப்பு விழா. பாதையின் பெயர் 'சகோதரத்துவமும் ஒற்றுமையும்'. நீண்ட காலம் ஆண்ட தலைவர் டிட்டோவின் காலத்து யூகோஸ்லாவியாவில் நெடுஞ்சாலை முதல் பள்ளிக்கூடம் வரை எதற்கும் வைத்த பெயர் அது. வாத்தியம் முழங்குகிறது. பூச்செண்டு கொடுக்கிறார்கள். கத்தரிக்கோலை எடுத்து ரிப்பனை வெட்ட வந்த பிரமுகர் தன் கட்டைவிரலையே வெட்டிக்கொள்கிறார். புத்தம்புதிய ஒற்றுமைச் சுரங்கத்துக்கு முதல் ரத்தக் காணிக்கை. மாலையில் இந்த விழாவைத் தொடங்கிவைத்த பெரியவர்கள் ரிப்பன் வெட்டியபோது நான் ஏன் அவர்கள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

அந்தச் சுரங்கம் பாழடைந்து கிடக்கிறது. சின்ன மிலானும் சின்ன ஹலிலும் அதன் வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே போவதில்லை. உள்ளே ஒரு பேய் தூங்குகிறது என்று பயம். அது விழித்தால் ஊரையே எரித்துவிடும் என்கிறான் ஒருவன். 1992இல் மிலானும் அவனோடு சண்டையிட்ட ஏழெட்டுப் பேரும் அதே சுரங்கத்துக்குள் பத்து நாள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். வெளியே துப்பாக்கியோடு காத்திருப்பவர்களில் ஹலிலும் ஒருவன்.

சுரங்கத்துக்குள் இருப்பவர்களைப் பாருங்கள். ஒருவன் திருடன், ஒருவன் போதைக்கு அடிமை, ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியர். கழுத்தில் முள்கரண்டி ஒன்றைத் தாலி போலத் தொங்கவிட்டிருப்பவன் ஒருவன். எதற்கு என்று கேட்டால், ஐரோப்பாவே கையால் அள்ளித் தின்றுகொண்டிருந்த காலத்தில் செர்பிய அரண்மனையில் முள்கரண்டியால் சாப்பிட்டோம் என்று பெருமை பேசுகிறான். குடிக்கத் தண்ணீர் இல்லை, பேச்சில் அரண்மனை. அவனைப் பார்த்துச் சிரிக்கலாம். பிறகு வேறொரு காட்சியில், கால் விளங்காமல் ராணுவ மருத்துவமனையில் கிடக்கும் மிலான் பக்கத்து அறையில் இருக்கும் முஸ்லிம் காயம்பட்டவனைக் கொல்லத் தரையில் ஊர்ந்து போகிறான். அவன் கையில் இருப்பதும் ஒரு முள்கரண்டி. அப்போது சற்று முன் சிரித்த சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும்.

படைக்குத் தலைவர் க்வோஸ்தென். பழைய யூகோஸ்லாவிய ராணுவத்து கேப்டன். 1980இல் டிட்டோ இறந்தபோது இறுதிச் சடங்குக்கு 350 கிலோமீட்டர் காலாலேயே போய்ச் சேர்ந்தவர். அந்த வேடத்தில் நடித்தவர் பாதா ஷிவோயினோவிச். இந்தப் பெயரை நம் ஊரில் யாருக்கும் தெரியாது. யூகோஸ்லாவியாவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஜெர்மானியரை எதிர்த்த கொரில்லா வீரராக எத்தனையோ படங்களில் நடித்தவர். 1972இல் வந்த அவருடைய 'வால்டர் சரயேவோவைக் காக்கிறான்' படத்தைச் சீனாவில் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். திரையில் போஸ்னியத் தலைநகர் சரயேவோவைக் காத்த அதே முகம், சரயேவோவைச் செர்பியப் படைகள் முற்றுகையிட்ட காலத்துக் கதையில், மறுபக்கத்துச் சீருடையில், சுரங்கத்துக்குள் தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. "இப்போது இல்லாத ஒரு நாட்டின் சினிமாவுக்கு" என்று படத்தைக் காணிக்கையாக்கியிருக்கிறார்கள். அந்தக் காணிக்கையின் பொருள் அந்த ஒரு முகத்திலேயே இருக்கிறது.

முடிவைச் சொல்லலாமா? சொல்லிவிடுகிறேன், இது மர்மக் கதை அல்ல. சுரங்கத்தின் வாசலில் நண்பர்கள் இருவரும் எதிரெதிரே வருகிறார்கள். என் பட்டறையை ஏன் எரித்தாய் என்று ஹலில் கேட்கிறான். என் தாயை ஏன் கொன்றாய் என்று மிலான் கேட்கிறான். நான் எரிக்கவில்லை. நான் கொல்லவில்லை. பிறகு யார் செய்தது, சுரங்கத்துப் பேயா? அதற்கு மேல் பேச நேரமில்லை, குண்டு விழுகிறது. அதற்கும் பிறகு இன்னொரு செய்திப்படம். 1999 ஜூலை 21, சுரங்கத்தைப் புதுப்பித்துத் திறக்கிறார்கள். இப்போது அதன் பெயர் 'அமைதிச் சுரங்கம்'. 1996இல் எடுத்த படத்தில் கற்பனையாக வைத்த தேதி. உண்மையான 1999 ஜூலையில் செர்பியா எழுபத்தெட்டு நாள் நேட்டோ குண்டுவீச்சிலிருந்து அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தது.

இரண்டாவது செய்தி, வரவேற்பு. செர்பியாவில் ஏறத்தாழ எட்டு லட்சம் டிக்கெட் விற்றது. பொருளாதாரத் தடையில் நொந்துபோன சின்ன நாட்டில் அது பெரிய எண்ணிக்கை. ஆனால் வெளியே? வெனிஸ் திரைப்பட விழா படத்தை எடுத்துக்கொள்ளவில்லை. 'பாசிசப் படம்' என்ற பட்டம் அப்போது ஒட்டியது, இன்னும் முழுதாக உரியவில்லை. சரயேவோ பக்கத்தில் இது செர்பியப் பிரசாரம் என்றார்கள். செர்பியத் தேசியவாதிகளோ நம் பையன்களைத் திருடர்களாகவும் ஊர் எரிப்பவர்களாகவும் காட்டிவிட்டான் என்று கொதித்தார்கள். இரண்டு பக்கமும் திட்டினால் படம் நடுநிலை என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் நம்பிக்கை இல்லை. இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற மோசமான சமையலும் உண்டு.

முந்தைய ஆண்டு, 1995இல், யூகோஸ்லாவியாவின் கதையையே சொன்ன இயக்குநர் குஸ்துரிட்சாவின் 'அண்டர்கிரவுண்ட்' படம் கான் விழாவில் முதல் பரிசான தங்கப்பனையை வாங்கியது. உடனே பிரான்ஸில் ஒரு தத்துவ அறிஞர், அலென் ஃபிங்கில்க்ரோ, 'லே மோந்து' நாளிதழில் அந்தப் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. நம் கழகத்திலும் படம் பார்க்காமல் விவாதத்துக்கு மட்டும் வரும் அன்பர்கள் சிலர் உண்டு. அவர்கள் மனம் தளர வேண்டாம், பாரிஸிலேயே முன்னோடி இருக்கிறார்.

ஆனால் திட்டியவர்கள் எல்லோரையும் இப்படிச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. இந்த இடத்தில் நான் படத்தோடு சண்டை போடுகிறேன். படம் எடுத்த விஷெகிராத் எந்த ஊர்? திரினா நதிமேல் பதினாறாம் நூற்றாண்டில் கட்டிய கற்பாலம் இருக்கும் ஊர். அந்தப் பாலத்தை வைத்துத்தான் இவோ ஆண்ட்ரிச் நாவல் எழுதினார், 1961இல் நோபல் பரிசும் வாங்கினார். 1992 ஜூனில் அந்த ஊரின் முஸ்லிம்களை, பெண்களும் குழந்தைகளுமாக, வீட்டுக்குள் அடைத்துத் தீ வைத்தார்கள். பியோனிர்ஸ்கா தெருவில் ஒரு வீடு, இரண்டு வாரம் கழித்து பிகாவாட்ஸ் பகுதியில் இன்னொரு வீடு. அதற்குத் தலைமை தாங்கிய செர்பியப் படைக்குழுத் தலைவன் மிலான் லூகிச்சுக்கு ஹேக் நகரத்துப் பன்னாட்டு நீதிமன்றம் 2009இல் ஆயுள் தண்டனை விதித்தது. பியோனிர்ஸ்கா தெருவில் எரிந்தது இயக்குநரின் கற்பனை அல்ல. படத்தில் செர்பிய வீரர்கள் ஊர்களைக் கொளுத்துவதைக் காட்டுகிறார்கள், மறைக்கவில்லை. ஆனால் அந்த ஊர்களில் பெரும்பாலும் ஆட்கள் இல்லை. சுரங்கத்துக்கு வெளியே இருக்கும் முஸ்லிம் வீரர்கள் முக்கால்வாசி நேரம் இருட்டிலிருந்து வரும் குரலாக, வயர்லெஸ்ஸில் கேட்கும் கேலியாக மட்டுமே இருக்கிறார்கள். உள்ளே இருப்பவனுக்கு அம்மா உண்டு, காதலி உண்டு, பழைய கதை உண்டு. வெளியே இருப்பவனுக்குக் குரல் மட்டும். நிகோலா பெயாகோவிச் நடித்த ஹலில் ஒருவன் விதிவிலக்கு. கதையில் பங்குகொண்ட பெயாகோவிச்சும் போஸ்னிய செர்பியரே.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்றால், கூத்தாடி எந்தத் தெருவில் பந்தல் போட்டான் என்றும் பார்க்க வேண்டும். ஷிவோயினோவிச், போர்க்காலத்தில் செர்பியாவை ஆண்ட மிலோசெவிச்சின் சோசலிஸ்ட் கட்சிக்காரர். இயக்குநரே 2010இல் அதே கட்சியில் சேர்ந்தார். கூத்தாடியே ஊர்ப் பெரியவராகிவிட்டால் பழமொழியை எப்படித் திருத்துவது என்று தமிழாசிரியர்கள் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் வேடத்தில் நடித்த திராகன் மக்சிமோவிச், மெலிந்த, கறுத்த முகம் கொண்ட மிக நல்ல நடிகர். 2000ஆம் ஆண்டு நவம்பரில் பெல்கிரேடு தெருவில் ஒரு கும்பல் அவரை ஜிப்சி எனப்படும் ரோமா இனத்தவர் என்று நினைத்து அடித்துப் போட்டது. சில மாதங்களில், 2001 பிப்ரவரியில், இறந்துபோனார். போர் முடிந்து ஐந்து ஆண்டு ஆகியிருந்தது. படத்தைக் கைதட்டி வரவேற்ற அதே நகரம். இதற்கு எந்த விமர்சகர் எழுதிய எதுவும் ஈடாகாது.

இப்போது ஒரு கதை. தலைவர் மணியைத் தொட வேண்டாம், சிறிய கதைதான்.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, வெளியூரில், ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில். பெயர் வேண்டாம், அவர்கள் நல்ல எண்ணத்தோடு நடத்தியது. டிவிடி ஒன்று, ஆங்கில வசன வரி தனிக் கோப்பாக யாரோ எங்கிருந்தோ இறக்கியது. இரண்டும் வேறு வேறு பதிப்பு. அதனால் வசன வரி பேச்சுக்கு இருபது விநாடி பிந்தி வந்தது. அழுதுகொண்டிருக்கும் பெண்ணின் வாய்க்குக் கீழே "இன்னொரு பீர் கொடு" என்று ஓடுகிறது. செத்துக் கிடப்பவன் கீழே கேள்வி கேட்கிறான். ஆங்கிலம் படித்த நாங்கள் நாற்பது பேர் வசனத்தைப் பிடித்துக்கொண்டு, இருபது விநாடி கழித்து, பிணத்துக்கு நேராகச் சிரித்துக்கொண்டிருந்தோம். பின்னால் ஒருவர், "இதுதான் கறுப்பு நகைச்சுவை" என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கம் வேறு கொடுத்தார்.

என் பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர். நீங்களும் பார்த்திருப்பீர்கள், எல்லாக் கூட்டத்துக்கும் முதலில் வந்து உட்காருவார், துண்டைச் சுருட்டி முதுகுக்கு வைத்துக்கொள்வார். இங்கிலீஷ் ஓர் எழுத்துத் தெரியாது. அதனால் கீழே ஓடிய எதையும் அவர் பார்க்கவே இல்லை. முகத்தை மட்டும் பார்த்தார். எனவே அரங்கத்தில் சரியான இடத்தில் சிரித்தவர் அவர் ஒருவர்தான். அவர் சிரிப்பார், இருபது விநாடி கழித்து நாங்கள் சிரிப்போம். இடைவேளைக்குள் நான் வசன வரியை விட்டுவிட்டு அவர் வயிற்றைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அது குலுங்கினால் நானும் சிரித்தேன்.

லாரி சுரங்கத்துக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும் இடத்தில், "பின்னால் எடு, பின்னால் எடு, நுழையாதே" என்று முணுமுணுத்தார். முடிவில் கேப்டன் க்வோஸ்தென் அந்த லாரியில் தனியாக ஏறி, மற்றவர்கள் தப்பட்டும் என்று குண்டுமழைக்குள் ஓட்டிக்கொண்டு போவார். அப்போது அண்ணன் எதுவும் சொல்லவில்லை. வலது கால் மட்டும் நாற்காலிக்கு அடியில் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பிரேக்கா ஆக்சிலேட்டரா என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து தேநீர்க் கடையில் நின்றோம். கதையை எனக்கே முழுதாகச் சொன்னார். சின்ன வயது நண்பர்கள், பட்டறை, அம்மா செத்தது, எல்லாம் சரி. பிறகு கேட்டார்: "ஐயா, ஒன்று மட்டும் பிடிபடவில்லை. உள்ளே இருப்பவனும் வெளியே இருப்பவனும் ஒரே ஆட்களாகத்தானே தெரிகிறார்கள்? ஒரே முகம், ஒரே பேச்சு. பிறகு எதற்குச் சண்டை?"

கைதட்டுகிறீர்கள். எனக்குத் தெரியும். இந்தக் கதையை எந்த ஊரில் சொன்னாலும் இந்த இடத்தில் கைதட்டல் விழுகிறது. நானும் பல ஆண்டுகள் அந்தக் கைதட்டலோடு மேடையை விட்டு இறங்கியிருக்கிறேன். இன்றைக்கு அதை வாங்கிக்கொள்ள முடியாது. அண்ணன் கேட்டது நல்ல கேள்வி, ஆனால் அது பாதிக் கேள்வி. வார்த்தை எட்டாததால் பாதியாகிப்போன கேள்வி. யார் யார் வீட்டை எரிக்கிறார்கள் என்பது முகத்தில் தெரியாது, வசனத்தில்தான் தெரியும். அது தெரியாவிட்டால் எல்லோரும் ஒன்று, எல்லோரும் பைத்தியம், விதி என்று வீட்டுக்குப் போய்விடலாம். பியோனிர்ஸ்கா தெரு வீட்டையும் சேர்த்து விதி கணக்கில் எழுதிவிடலாம். படத்தின்மேல் சரயேவோக்காரர்கள் வைத்த குற்றச்சாட்டே இதுதான்: எல்லாப் பழியையும் சுரங்கத்துப் பேயின் தலையில் கட்டிவிட்டது. அண்ணனுக்குத் தமிழில் வசன வரி இருந்திருந்தால், அந்தப் பேச்சை அவரே படத்தோடு பேசியிருப்பார். அவருக்கு அந்த அறிவு என்னைவிட அதிகம்.

ஆகவே, அம்மையார் அவர்களே, வேண்டுகோளுக்கு வந்துவிட்டேன். உலக சினிமா காட்டுகிறோம் என்று இந்த மாவட்டத்தில் எத்தனை கழகம் இருக்கிறதோ அத்தனையும் ஆங்கில வசன வரியோடுதான் காட்டுகின்றன. ஸ்பெயின்காரன் பேசுவதை இங்கிலீஷ்காரன் சொல்லித் தமிழன் கேட்க வேண்டும். கேரளத்தில் மலையாள வசன வரி போட்டுக் கழகங்கள் படம் காட்டுகிறார்கள், போய்ப் பார்த்திருக்கிறேன். நாம் ஏன் போடுவதில்லை? தமிழ் வாழ்க என்று எழுத மட்டும் நமக்குச் சுவர் கிடைக்கிறது.

அது மலையைத் தூக்கும் வேலையும் அல்ல. ஒரு படத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் வரிகள். ஒரு முறை திரையில் இரண்டு வரிக்கு மேல் கூடாது. கூடினால் பார்ப்பவர் படத்தை விட்டுவிட்டுப் பாடம் படிக்க ஆரம்பித்துவிடுவார். தமிழில் சொல் நீளம், 'இருந்துகொண்டிருக்கிறார்கள்' என்று எழுதினால் அதற்கே ஒரு வரி. சுருக்கத் தெரிய வேண்டும். நேரக் குறியீட்டை விநாடி கணக்கில் சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பிணம் பீர் கேட்கும். நாங்கள் மூன்று பேர் இரவு உட்கார்ந்து இன்றைய படத்துக்கு ஐந்து வாரத்தில் முடித்தோம். எங்களுக்குச் செர்பிய மொழி தெரியாது, ஆங்கிலத்திலிருந்துதான் எடுத்தோம் என்பதை ஒளிக்கவில்லை. ஆனாலும் சில இடங்களில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் மூலத்துக்குக் கிட்டத்தில் போய் உட்கார்ந்தது.

தலைப்பையே பாருங்கள். 'லேபா செலா லேபோ கோரே'. லேபா என்றால் அழகான. செலா, கிராமங்கள். லேபோ, அழகாய். கோரே, எரிகின்றன. ஆங்கிலத்தில் இதை 'பிரிட்டி வில்லேஜ், பிரிட்டி ஃபிளேம்' என்று ஆக்கினார்கள். அதில் வினைச்சொல்லே இல்லை. ஊரும் நெருப்பும் வாழ்த்து அட்டைப் படம் போலப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, எரிவதில்லை. தமிழில் 'அழகான ஊர்கள் அழகாய் எரியும்' என்று நான்கே சொல். மூலத்திலும் நான்கு. பிறகு அந்த நாட்டுக் காப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பானம். செர்பியன் 'கஃபா' என்பான், போஸ்னிய முஸ்லிம் 'கஹ்வா' என்பான், குரோஷியன் 'கவா' என்பான். போர்க்காலத்தில் காப்பிக் கடையில் நீ என்ன கேட்கிறாய் என்பதிலேயே நீ யார் என்று தெரிந்துவிடும். ஆங்கில வசன வரியில் மூன்றும் காபி. நாமும் இதைத் தமிழில் கொண்டுவர முடியாதுதான். ஆனால் முடியாது என்று தெரிந்துகொள்ளவாவது முயன்று பார்க்க வேண்டாமா?

வேண்டுகோள் இதுதான். நகர நூலகத்தின் மாடியில் பூட்டிக் கிடக்கும் அறையை வாரத்தில் இரண்டு மாலை திறந்துவிடச் சொல்ல வேண்டும். ஒரு மேசை, ஒரு கணினி, மூன்று நாற்காலி. மின்விசிறியை நான் நிறுத்திவிட்டுப் போவேன் என்று எழுதித் தருகிறேன். பொன்னாடைகளை இந்தக் கூட்டம் முடிந்ததும் ஏலம் விடுகிறோம். கணினிக்குக் குறையும் பணத்தை அதில் சேர்க்கலாம். அடுத்த ஆண்டு இந்த மேடையில் யாருக்கும் துணி போர்த்தாமல், ஒரு படத்தின் தமிழ் வரியைக் கையில் கொடுப்போம்.

தலைவர் மணியடித்துவிட்டார். மூன்றாவது செய்தி அப்படியே நிற்கிறது. தலைவர் பரணி இலக்கியத்தில் ஆழங்கால் பட்டவர் என்பதால் ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். போர்க்களத்தில் சிரிப்பது நமக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் காய்ச்சவில்லையா? செத்த வீரர்களின் பல் அரிசி, மூளை தயிர். பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று பந்தியில் ஒவ்வொன்றுக்கும் பார்த்துப் பார்த்து ஊற்றுகிறார்கள். ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுக்கு முந்தைய கறுப்பு நகைச்சுவை. ஆனால் ஜெயங்கொண்டார் வென்ற குலோத்துங்கனின் கூத்தாடி. எரிந்த கலிங்கத்து ஊரில் இருந்தவன் அந்தக் கூழைப் பற்றி என்ன பாடினான் என்று நமக்குக் கிடைக்கவில்லை. டிராகோயேவிச்சையும் அந்த வரிசையில் வைக்கலாமா, அல்லது தன் பக்கத்தையே பேயாகக் காட்டினான் என்பதற்காகத் தனியாக உட்கார வைக்கலாமா என்பதைப் படம் பார்த்த பிறகு பேசுவோம்.

கடைசியாக ஓர் உதவி. அந்தச் சுரங்கத்துப் பேய்க்கு அவர்கள் மொழியில் 'திரேக்காவாட்ஸ்' என்று பெயர். அலறுவது என்ற சொல்லிலிருந்து வந்தது. ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தையின் ஆவி, இரவில் கத்திக்கொண்டு அலையும் என்பது அந்த நாட்டு நம்பிக்கை. ஆங்கிலத்தில் 'ஓகர்' என்று போட்டு அரக்கனாக்கிவிட்டார்கள். குழந்தையும் போயிற்று, அலறலும் போயிற்று. நாங்கள் முதலில் கொள்ளிவாய்ப் பேய் என்று போட்டோம். நெருப்பு வந்தது, அலறல் வரவில்லை. முனி என்றார் ஒருவர், அது காவல் தெய்வம், கோபித்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம். அலறிப் பேய் என்று எழுதிப் பார்த்தோம். அலரிப் பூ நினைவுக்கு வருகிறது என்று செயலாளர் சிரித்துவிட்டார். சொல் கிடைக்காமல், இன்றைய படத்தில் அந்த இடங்களில் எல்லாம் வெறுமனே 'அது' என்று போட்டிருக்கிறோம். கவனித்துப் பாருங்கள். உங்கள் பாட்டி எப்போதாவது, இருட்டில் கத்தும் பிள்ளைப் பேய்க்கு ஒரு பெயர் சொல்லிப் பயமுறுத்தியிருந்தால், வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்திருக்கிறோம், எழுதிவிட்டுப் போங்கள். எந்த ஊர்ச் சொல் என்றும் சேர்த்து எழுதுங்கள். விளக்கை அணைக்கச் சொல்கிறேன். வணக்கம்.